மரை வெட்டிய இடத்தில்தான் குழாய் முறிந்தது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சில வாரங்களுக்கு முன் உங்கள் ஞாயிறு இணைப்பில், இரும்புக் குழாயையும் எல்போ (வளைவு மூட்டு), டீ (மூன்று வாய் மூட்டு), ஃபிளாஞ்ச் (சுவரில் ஸ்க்ரூ போட்டுப் பொருத்தும் தட்டு) போன்ற இணைப்புகளையும் வைத்து வீட்டிலேயே புத்தக அலமாரி செய்வது பற்றி ஒரு பக்கக் கட்டுரை வந்திருந்தது. அந்தப் பக்கத்தை நான் முதலில் பார்த்தது மேல்மாடியில் குடியிருக்கும் கல்லூரி மாணவன் ஒருவனின் கையில். ஒரு கையில் பேப்பர், இன்னொரு கையில் முறிந்த குழாய்த் துண்டு. "மாமா, நீங்க பைப் வேலை பார்த்தவங்கதானே? இது ஏன் இப்படி ஆச்சு?" என்று வாசலில் நின்று கேட்டான். வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது. மேல் தட்டில் இருந்த புத்தகத்தை எடுக்கக் கீழ்த் தட்டில் ஒரு காலை வைத்து எம்பியிருக்கிறான். தட்டு, புத்தகம், குழாய் எல்லாமாக அவனோடு சேர்ந்து தரைக்கு வந்துவிட்டது. தலையில் படாமல் போனதே பெரிய விஷயம்.

நான் 34 வருஷம் பைப் ஃபிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நீராவி லைன், தண்ணீர் லைன், காற்று லைன் என்று என் கையால் மரை, அதாவது இணைப்பில் முறுக்குவதற்கான திருகுப் புரி, வெட்டிய குழாய்களுக்குக் கணக்கில்லை. அவற்றில் பெரும்பாலானவை சுவருக்குள்ளும் தரைக்கடியிலும்தான் கிடக்கின்றன. அதே குழாயை இன்றைய பிள்ளைகள் கூடத்தில் எல்லோரும் பார்க்கும்படி வைத்து, அதில் புத்தகம் அடுக்குகிறார்கள் என்பதில் எனக்கு உண்மையான சந்தோஷம். அதனால் இந்தக் கடிதத்தைக் குழாய் அலமாரிக்கு எதிரான புகாராக எடுத்துக்கொள்ள வேண்டாம். கட்டுரையில் விட்டுப்போன சில விஷயங்களைச் சொல்லவே எழுதுகிறேன்.

அன்றிரவு அந்தத் துண்டை விளக்கடியில் வைத்து இருவரும் பார்த்தோம். அரை இஞ்ச் குழாய். சுவரில் பொருத்தியிருந்த ஃபிளாஞ்சுக்குள் மரையின் பெரும்பகுதி ஏறியிருக்க, இரண்டு மூன்று சுற்று மட்டும் வெளியே தெரிந்திருக்கிறது. அந்த வெளிச்சுற்றுகளில் ஃபிளாஞ்சை ஒட்டியிருந்த பள்ளத்திலேயே முறிவு. மேல்பக்கம் கிழிந்து விளிம்பு பளபளவென்று இருந்தது. கீழ்ப்பக்கம் நசுங்கி மடங்கியிருந்தது. முறிவு நேர்கோடாகப் போகவில்லை. மரையின் பள்ளத்தைப் பிடித்துக்கொண்டே, அது போகும் சாய்விலேயே சுற்றி வந்திருந்தது.

வெர்னியர் அளவுகோலை எடுத்து அளந்து காட்டினேன். மரை இல்லாத இடத்தில் குழாயின் தடிமன் 2 மில்லிமீட்டர். மரைப் பள்ளத்தின் அடியில் மிஞ்சியிருந்தது 0.7 மில்லிமீட்டருக்கும் குறைவு. அவன் நம்பாமல் இரண்டாம் தரம் தானே அளந்தான். இதில் அதிசயம் ஒன்றுமில்லை. அரை இஞ்ச் குழாய் மரையின் ஆழம் சுமார் 1.16 மில்லிமீட்டர்; மரை வெட்டும்போது குழாயின் வெளிப்பரப்பிலும் கொஞ்சம் போய்விடும். குழாய் மெலிந்ததோ கனத்ததோ, மரையின் ஆழம் மாறாது. அரை இஞ்ச் குழாய் வழக்கமாக 2.0, 2.6, 3.2 மில்லிமீட்டர் என மூன்று தடிமனில் வரும். 3.2 குழாயில் மரை வெட்டிய பிறகும் ஏறக்குறைய 1.9 மிச்சமிருக்கும். 2.0 குழாயிலோ மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். வெளி விட்டம் மூன்றுக்கும் ஒன்றே, 21.3 மில்லிமீட்டர். அதனால் வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. வெட்டிய முனையைப் பார்க்க வேண்டும், அல்லது ஒரு மீட்டர் குழாயை நிறுத்துப் பார்க்க வேண்டும்: 2.6 தடிமனுள்ளது சுமார் 1.2 கிலோ இருக்கும். உங்கள் கட்டுரை "அரை இஞ்ச் குழாய்" என்று மட்டும் சொல்லியிருந்தது. அந்தப் பையன் கையில் கிடைத்ததை வாங்கி வந்துவிட்டான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அரை இஞ்ச் என்று பெயர் இருக்கிறதே, அதன் எந்தப் பக்கத்தை அளந்தாலும் அரை இஞ்ச் வராது என்பதையும் புதிதாகச் செய்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். அது உள் துவாரத்தை வைத்து எப்போதோ ஏற்பட்ட பெயர். பலகையில் துளை போடுகிறவர்கள் பெயரை நம்பிப் போட்டால் குழாய் உள்ளே போகாது. முக்கால் இஞ்ச் குழாயின் வெளி விட்டம் 26.9, ஒரு இஞ்ச் குழாயினது 33.7 மில்லிமீட்டர்.

சுவரிலிருந்து கை நீட்டுவதுபோல் நிற்கும் தட்டுதான் படத்தில் மிக அழகாக இருக்கிறது. ஆபத்தும் அதில்தான். தண்ணீர் லைனில் குழாய் உள்ளிருந்து வெளியே அழுத்தப்படுகிறது. அந்த அழுத்தத்தைத் தாங்கத்தான் இந்த இணைப்புகள் வார்க்கப்பட்டன. அலமாரியில் அதே குழாயை நெம்புகோலாக்கி வளைக்கிறோம். வளைக்கும் விசை எங்கே அதிகம்? சுவரை ஒட்டிய இடத்தில். குழாய் எங்கே மெலிந்திருக்கிறது? அதே இடத்தில், மரையில். மிக அதிகமான சுமை மிக மெலிந்த இடத்தில் போய் உட்காருகிறது.

அவனுக்குப் பழைய நோட்டின் பின்பக்கத்தில் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். ஒரு தட்டில் 30 கிலோ புத்தகம், தாங்குவது இரண்டு குழாய். ஆளுக்கு 15 கிலோ. பலகையின் அகலம் 24 சென்டிமீட்டர், எடையின் நடு சுவரிலிருந்து 12 சென்டிமீட்டரில். ஃபிளாஞ்சின் அடி விளிம்பு சுவரில் ஊன்றிக்கொள்ள, மேல் ஸ்க்ரூக்கள் வெளியே இழுக்கப்படுகின்றன. விளிம்பிலிருந்து மேல் ஸ்க்ரூவுக்கு 6 சென்டிமீட்டர் என்று வைத்தால், 15 கிலோ எடை 30 கிலோ இழுவையாகிறது. எடை பலகையின் முன் ஓரத்துக்கு வந்தால் 60. ஓர் ஆள் கால் வைத்து, ஒரு குழாயில் 40 கிலோ முன் ஓரத்தில் இறங்கினால் 160 கிலோ! காரையில் செருகிய பிளாஸ்டிக் பிளக் எத்தனை நாள் பிடிக்கும்? பையனின் வீட்டில் சுவர் நல்ல கான்கிரீட். ஸ்க்ரூ பிடித்துக்கொண்டது, குழாய் முறிந்தது. பூச்சு உதிரும் சுவராக இருந்திருந்தால் குழாய் நின்றிருக்கும், ஃபிளாஞ்ச் சுவரோடு பிய்ந்து வந்திருக்கும்.

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. தட்டின் முன் ஓரத்தில் ஒரு நிலைக்குழாயைத் தரைவரை இறக்கி, ஒவ்வொரு தட்டு உயரத்திலும் ஒரு டீ வைத்து, அந்த டீயிலிருந்து சுவருக்கு ஒரு கை கொடுங்கள். அப்போது தட்டை முன்னால் தரையும் பின்னால் சுவரும் சேர்ந்து தாங்கும். சுவர் ஃபிளாஞ்சை வெளியே பிடுங்கும் நெம்பு விசை கிட்டத்தட்ட இல்லாமல் போய்விடும். நான்கு காலில் தனியாக நிற்கும் அலமாரி என்றாலும் மேல் முனையைச் சுவரோடு கட்டாயம் பிணைக்க வேண்டும். குழந்தைகள் தட்டை ஏணி என்று நினைத்து ஏறுவார்கள். சுவரோடு சேராத அலமாரி அப்படியே குழந்தையின் மேல் சாயும்.

அடுத்தது, கட்டுரையில் எங்குமே காணாத ஒன்று. மரை என்றால் அது சுழலும். மகள் வீட்டில் சட்டை மாட்டுவதற்கு நானே இரண்டு கொக்கிகள் செய்து கொடுத்தேன். சுவரில் ஃபிளாஞ்ச், அதிலிருந்து முன்னால் நீளும் ஒரு நிப்பிள் (இருமுனையிலும் மரையுள்ள குட்டைக் குழாய்), அதன் முனையில் எல்போ, எல்போவிலிருந்து பக்கவாட்டில் ஒரு சாண் குழாய். ஒன்று வலப்பக்கம் நீண்டது, மற்றது இடப்பக்கம். பார்க்க ஜோடியாக நன்றாக இருந்தது. இரண்டு மாதத்தில் இடப்பக்கத்துக் கை தலை தொங்கிவிட்டது. வலப்பக்கத்துக் கை மட்டும் முன்னைவிட இறுக்கமாக நின்றது. காரணம் எனக்கு உடனே புரிந்தது. எதிரில் நின்று பார்த்தால், வலப்பக்கத்தில் தொங்கும் எடை குழாயைக் கடிகாரம் சுற்றும் திசையில் திருகுகிறது, மரை இறுகுகிறது. இடப்பக்கத்து எடை எதிர்த் திசையில் திருகுகிறது, மரை கழல்கிறது. மாட்டும் ஒவ்வொரு சட்டையும் கொஞ்சம் கொஞ்சமாக இணைப்பை அவிழ்த்துக்கொண்டே இருந்திருக்கிறது. இப்படிப் பக்கவாட்டில் நீளும் கையை வலப்பக்கமாகவே வையுங்கள். இருபக்கமும் வேண்டுமென்றால் நடுவில் டீ வைத்து எடையைச் சமன் செய்யுங்கள். அதுவும் முடியாவிட்டால் மரை கழலாமல் பிடிக்கும் பசை ஒரு சொட்டு விட்டு முறுக்குங்கள். தண்ணீர் லைனுக்கு நாங்கள் சுற்றும் டெஃப்லான் டேப் இங்கே வேண்டாம். அது வழுக்கும் பொருள். கசிவை அடைக்கும், கழல்வதைத் தடுக்காது.

சதுரமாகச் சட்டம் செய்கிறவர்களுக்கு இன்னொரு தடங்கல் வரும். நான்கு குழாய், நான்கு எல்போ. மூன்று மூலை முடிந்து நாலாவது மூலையை முறுக்கப் போனால், ஒரு முனை இறுகும்போது மறுமுனை கழலும். இதில் பலம் காட்டிப் பயனில்லை. எத்தனையோ பேர் இந்த இடத்தில் தாங்கள்தான் ஏதோ தப்புச் செய்துவிட்டதாக நினைத்து வேலையையே விட்டிருப்பார்கள். எல்லா மரையும் ஒரே திசையில் இருப்பதால் மூடிய சட்டத்தில் இது நடந்தே தீரும். நாங்கள் லைனில் என்ன செய்வோமோ அதையே செய்யுங்கள்: ஒரு பக்கத்தில் யூனியன் போடுங்கள். யூனியனின் நட்டு மட்டும் தனியே சுழலும், குழாய் சுழலத் தேவையில்லை. சுவரில் முடியும் சட்டத்துக்கு யூனியன்கூட வேண்டியதில்லை. ஸ்க்ரூ போடும்வரை ஃபிளாஞ்ச் தாராளமாகச் சுழலும், அந்த வேலையை அதுவே செய்துவிடும்.

அளவு எடுப்பது பற்றியும் நாலு வார்த்தை. அரை இஞ்ச் எல்போவின் நடுவிலிருந்து வாய்வரை 28 மில்லிமீட்டர். அதில் சுமார் 13 மில்லிமீட்டர் குழாய் உள்ளே போய்விடும். ஆக, ஒவ்வொரு முனையிலும் 15 கழிக்க வேண்டும். நடுவிலிருந்து நடுவுக்கு 600 வேண்டுமென்றால் குழாயை 570க்கு வெட்டுங்கள். முக்கால் இஞ்சுக்கு ஒரு முனைக்கு 18, ஒரு இஞ்சுக்கு 21 கழியுங்கள். குழாய் மரை கூம்பு வடிவம், 16க்கு 1 என்ற சரிவு. உள்ளே போகப் போக இறுகும். அதனால் எல்லா மூட்டும் ஒரே ஆழத்தில் நிற்காது. குழாயில் செய்த மேசையின் நாலு காலில் ஒன்று ஆடினால் அட்டையை மடித்து வைக்காதீர்கள். அரை இஞ்ச் மரையில் ஒரு முழுச் சுற்றுக்கு 1.8 மில்லிமீட்டர். ஆடும் காலில் அரைச் சுற்று கூட்டியோ குறைத்தோ பாருங்கள், ரசமட்டம் நேராகும்.

இணைப்புகளைப் பல இடங்களிலிருந்து சேர்த்து வாங்குகிறவர்கள் மரை வகையைப் பார்த்து வாங்க வேண்டும். 1841ல் இங்கிலாந்துப் பொறியாளர் ஜோசப் விட்வொர்த் முன்வைத்த 55 பாகைக் கோணத்தின் வழிவந்தது பிரிட்டிஷ் குழாய் மரை. அமெரிக்க மரையின் கோணம் 60 பாகை. அரை இஞ்சிலும் முக்கால் இஞ்சிலும் இரண்டுக்குமே ஓர் இஞ்சுக்கு 14 சுற்று என்பதால், ஒன்று மற்றொன்றுக்குள் இரண்டு மூன்று சுற்று சுலபமாக ஏறிப் பிறகு சிக்கிக்கொள்ளும். இறுகிவிட்டது என்று நினைத்து விடுவார்கள். அது பிடிப்பல்ல, மரையின் முகடு நசுங்குவது.

துத்தநாகம் பூசிய வெள்ளைக் குழாயை வெல்டிங் வைக்காதீர்கள். என் இருபதுகளில், பட்டறையில் காற்றோட்டமில்லாத மூலையில் அப்படி ஒரு நாள் முழுக்க வேலை பார்த்தேன். இரவு குளிர் நடுங்கிக் காய்ச்சல் வந்தது, வாயெல்லாம் உலோகச் சுவை. மறுநாள் இறங்கிவிட்டது. துத்தநாகம் 419 பாகை செல்சியஸில் உருகி 907ல் கொதித்து ஆவியாகும். வெல்டிங் வெப்பம் அதற்கெல்லாம் மேலே. அந்த வெள்ளைப் புகையைச் சுவாசித்துத்தான் எனக்குக் காய்ச்சல் வந்தது. அதே பூச்சின் மேல் சாதாரண எண்ணெய் எனாமல் அடித்தாலும் நிலைக்காது. பெயிண்டின் எண்ணெயும் துத்தநாகமும் சேர்ந்து சோப்பு மாதிரி ஒரு படலமாகி, சில மாதங்களில் பெயிண்ட் தோலாக உரியும். அதற்கென்றே உள்ள பிரைமரை முதலில் அடிக்க வேண்டும். கறுப்புக் குழாய் வாங்குகிறவர்கள் அதன் மேலுள்ள எண்ணெயை மண்ணெண்ணெயில் துடைத்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, உடனே காயவைத்து, மெழுகோ வார்னிஷோ பூசிவிடுங்கள். இல்லாவிட்டால் கறை புத்தகத்துக்குப் போகும், துரு குழாய்க்கு வரும்.

குழாயில் மேசை விளக்கு செய்கிறவர்களுக்கு ஒரே ஓர் எச்சரிக்கை. உருளைக் கட்டரில் குழாயை வெட்டினால் உள் விளிம்பில் கத்தி போல ஒரு பிசிர் நிற்கும்; விரலை விட்டுப் பார்த்தால் விரல் கிழியும். ஒயரின் தோலும் அப்படித்தான் கிழியும், பிறகு விளக்கு முழுவதும் மின்சாரம் பாயும். உருட்டு அரத்தால் ராவி, ஒயர் நுழையும் வாயில் ரப்பர் வளையம் போட்டு, குழாயோடு எர்த் ஒயரைக் கட்டாயம் இணையுங்கள்.

இதற்கெல்லாம் கருவியும் பொறுமையும் இல்லை என்கிறவர்களுக்கு மரையே இல்லாத வழி ஒன்று இருக்கிறது. குழாயை அப்படியே இணைப்புக்குள் நுழைத்துப் பக்கத்துத் திருகை ஆலன் சாவியால் இறுக்கும் கிளாம்ப்கள் கிடைக்கின்றன. 1934ல் இங்கிலாந்தில் பால் கறக்கும் தொழுவங்களுக்கான தடுப்புகள் கட்டுவதற்காக வந்தவை இவை. மாடு சாய்ந்தாலும் தாங்கும்படி செய்யப்பட்டவை. குழாயின் தடிமனில் ஓர் இழைகூடக் குறையாது. வேண்டாதபோது கழற்றி வேறு உருவத்தில் மாட்டலாம். மரை வெட்டியே வாழ்ந்தவன் நான், ஆனாலும் ஆள் சாயக்கூடிய பொருளுக்கு இதைத்தான் சொல்வேன்.

குழாயில் அறைகலன் செய்வது நேற்று வந்த மோகமும் அல்ல. 1926ல் நெதர்லாந்துக் கட்டடக்கலைஞர் மார்ட் ஸ்டாம் பின்கால் இல்லாத நாற்காலியை முதலில் செய்து பார்த்தது சாதாரண எரிவாயுக் குழாயையும் எல்போவையும் வைத்துத்தான். ஆனால் மறு வருஷம் ஷ்டுட்கார்ட் கண்காட்சியில் வைத்த நாற்காலியில் அந்த எல்போக்கள் இல்லை. குழாயையே வளைத்துச் செய்திருந்தார்கள். ஆள் உட்காரும் பொருளில் மூட்டுகள் எவ்வளவு குறைவாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்று நான் எப்போதும் நினைப்பதால் இந்தச் செய்தி என் மனதில் நின்றுவிட்டது.

ஆசிரியர் அவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். அந்தப் பகுதியை நிறுத்திவிடாதீர்கள். உங்கள் பேப்பரைப் பார்த்துத்தான் அந்தப் பையன் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பைப் ரென்ச்சைக் கையில் எடுத்தான். அவன் போட்டிருந்த மரை ஒவ்வொன்றும் சுத்தமாக இருந்தது. அடுத்த முறை இப்படிப்பட்ட கட்டுரை வரும்போது குழாயின் தடிமனைப் போடுங்கள், தட்டு எவ்வளவு எடை தாங்கும் என்று போடுங்கள், படத்தில் தட்டுக்கு முன்னால் தரைவரை ஒரு காலையும் வரையுங்கள்.

போன வாரம் நானும் அவனும் சேர்ந்து அதே சுவரில் புது அலமாரி நிறுத்தினோம். முக்கால் இஞ்ச் குழாய், தரை தொடும் இரண்டு முன்கால்கள், மூன்று தட்டு. அவனுக்கு மணிக்கட்டு இன்னும் வலி என்பதால் முறுக்கியது நான், ரசமட்டம் பிடித்தது அவன். பழைய குழாயின் முறிந்த துண்டை இந்தக் கடிதத்தோடு தாளில் சுற்றி அனுப்பியிருக்கிறேன். விளிம்பு கூர்மை, பார்த்துப் பிரிக்கவும். மரைப் பள்ளத்துக்கு அடியில் எவ்வளவு இரும்பு மிஞ்சியிருக்கிறது என்பது வாசகர்களுக்குத் தெரியும்படி, கிட்டத்தில் வைத்துப் படமெடுத்துப் போட்டால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பைப் ஃபிட்டர் ஒருவர்